கறுப்பையா வாங்கிப்போன கொக்கி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இதில் நான் பல பேரைத் திட்டப்போகிறேன். அதில் முதல் ஆள் நானேதான். பெயர் நஸீம், ஊர் கண்டிக்குப் பக்கத்து அக்குறணை, தொழில் தோளில் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக அலைவது. இரும்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணாங்கட்டியும் தெரியாது. தெரிந்தவள் என் ராத்தா, என் கூடப்பிறந்த அக்காள், ரபீகா.

அவளைக் கட்டுகஸ்தோட்டை ஸெய்னுலாப்தீனுக்குக் கட்டிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. மச்சானுக்குப் பாலத்தடியில் பழைய இரும்புக் கடை. தோட்டங்களில் கழித்துப்போட்ட அலவாங்கு என்னும் கடப்பாரை, சம்மட்டி, மண்வெட்டி, சங்கிலி, கப்பி, கொக்கி எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்து வந்து, துடைத்து, விற்பார். முன்னால் கடை. நடுவில் பலகைத் தடுப்பு, அதில் திரை போட்ட ஒரு வழி. அதற்குப் பின்னால் வீடு. மச்சானின் தாய் ஸுலைஹா மாமியும் அங்கேதான். பிள்ளைகள் இல்லை.

கல்யாணம் முடிந்த முதல் வருஷம் மச்சான் விற்ற அலவாங்கு ஒன்று கல் நெம்பும்போது நடுவில் முறிந்து ஒரு வேலையாளின் முன்பற்களையெல்லாம் கொண்டுபோய்விட்டது. மச்சான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "வெளிய பாக்க நல்லாத்தானே ஈந்திச்சு, நல்லாத்தானே ஈந்திச்சு" என்று, நன்றாகத்தானே இருந்தது என்று, அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். ராத்தா சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாளாம்: "ஒரு மண்சட்டி வாங்கப் போனா தட்டிப் பாக்காம வாங்குவமா? இரும்ப மட்டும் ஏன் கண்ணால பாத்து வாங்குறீங்க?"

அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டி வாங்கத் தெரிந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததைத்தான் அவள் செய்தாள். ஆனால் விடாமல் செய்தாள். கூரை மரத்தில் ஒரு கயிறு. அதில் சாமானைத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல இரும்பின் சத்தம் நீண்டு போய் மெதுவாக ஓயும். உள்ளே வெடித்த இரும்பின் சத்தம் பாதியில் செத்துவிடும். அதிலும் சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெயைத் தடவி, சற்று ஊறவிட்டு, சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவாள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் நுழைந்த எண்ணெய் சும்மா இருக்காது. காய்ந்த வெள்ளைச் சுண்ணாம்பில் கறுப்பாகக் கசிந்து, எங்கே எவ்வளவு நீளம் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். வெடிப்பைப் பித்தளை ஊற்றி ஒட்டி, அரம் போட்டு, புகைக்கரியும் எண்ணெயும் பூசி மறைத்து விற்கிற புண்ணியவான்களும் இருந்தார்கள். புதுக் கறுப்புப் பூசிய பழைய சாமானைக் கண்டால் ராத்தா சிரிப்பாள். "இந்தக் கெழவிக்கு மை போட்டு உட்டது யாரு?" என்பாள். அரத்தால் இரண்டு இழு இழுத்தால் உள்ளே மஞ்சள் தெரியும்.

வெளி ஆண்களுக்கு அவள் குரல் கேட்காது. மச்சான் சாமானைத் திரைக்குள் நீட்டுவார். நல்லதென்றால் பலகையில் ஒரு தட்டு. ஆகாதென்றால் இரண்டு. கண்டிக் கடைத்தெருவில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்து, சாமானைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "உள்ள பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்பார்கள். பதினாலு வருஷம் அந்த ஒற்றைத் தட்டு பொய்த்ததில்லை.

பிறகு வந்தது மழை பொய்த்த அந்த முப்பத்து நாலாம் வருஷம். மகாவலி கல்லும் குட்டையுமாகக் கிடந்தது. குட்டையெல்லாம் நுளம்பு. அந்தக் கொசுக்கடியில் ஊரெல்லாம் காய்ச்சல். ஒரு வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவரும் படுத்தார்கள். நோன்பு மாதத்துக்கு முந்திய வாரம் மச்சானும் படுத்தார். குயினைன் வாங்கிக் கொடுத்தோம். குளிர் வந்தால் நாலு போர்வை போட்டாலும், ராத்தா சாமான் தட்டும் கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டிருந்த அவர் கட்டில் ஆடியது. கடையைப் பார்க்க என்னை வரச்சொன்னார்கள், நானும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்படி உட்கார்ந்த நாலாம் நாள் கறுப்பையா வந்தான். கிணறு வெட்டுகிறவன், நல்ல வாட்டசாட்டமான ஆள். வறட்சியில் ஊரெல்லாம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. கிணற்று வாயில் போட்ட மரத்தில் கப்பியைத் தொங்கவிட ஒரு கனமான கொக்கி வேண்டும் என்றான். மண் கூடையும் அந்தக் கொக்கியில்தான் ஏறும், அவனும் அந்தக் கொக்கியில்தான் இறங்குவான். மூலையில் ஒன்று கிடந்தது. எடுத்துத் திரைக்குள் நீட்டினேன்.

"ராத்தா, சட்டுன்னு பாரு. ஆள் நிக்கிறான், பஸ் போயிரும்."

நான்தான் சொன்னேன். என் வாய்தான். உள்ளே டிங் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்துப் பலகையில் ஒரு தட்டு. கறுப்பையா கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் பாலம் தாண்டியிருக்க மாட்டான், உள்ளே ராத்தா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் மச்சான் கட்டிலில் கண் திறந்தபடி கிடக்கிறார். மூச்சு இல்லை. சமையலறையில் இருந்து கஞ்சிக் கோப்பையோடு ஓடிவந்த ஸுலைஹா மாமி, மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மருமகளின் கையில் இருந்த சுத்தியலைப் பார்த்தாள்.

"என்ட மகன்ட மூச்சு போகக்குள்ள நீ இரும்பத் தட்டிக்கிட்டா ஈந்தாய்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியை மாமி அதன்பிறகு எத்தனை பேரிடம் சொன்னாள் என்று எண்ணிச் சொல்ல எனக்கு ஏலாது. வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். ஆனால் ஒற்றை மகனைப் பறிகொடுத்த தாயிடம் நான் என்ன சண்டை பிடிப்பது? ராத்தா வெள்ளை உடுத்தி, வெளி ஆண்கள் கண்ணில் படாமல், வாசற்படி தாண்டாமல் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க உட்கார்ந்தாள். கடை நடக்கவேண்டும் அல்லவா, நான் திரைக்குள் சாமானை நீட்டுவதும் அவள் தட்டுவதும் மட்டும் நிற்கவில்லை.

பெருநாள் வந்து போனது. தைப்பொங்கலும் போனது. ஒரு நாள் காலை நான் ஒரு கோடரியை நீட்டினேன். தட்டு வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தால் ராத்தா கோடரியை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருக்கிறாள்.

"நஸீம், அந்தக் கறுப்பையா கொண்டுபோன கொக்கி எப்படிச் சத்தம் போட்டிச்சு?"

"நான் என்னத்தக் கண்ட? டிங் எண்டு கேட்டிச்சு."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"ரெண்டு மாசம் ஆகப்போகுது. எவனுக்கு ஞாபகம் ஈக்கும்?"

"எனக்கு ஈக்கும்" என்றாள். "நான் பாத்த சாமான் எல்லாத்துடயும் சத்தம் காதில ஈக்கு. போன வருஷம் வித்த சம்மட்டிய இப்ப தட்டினாலும் அடையாளம் சொல்லுவேன். அந்தக் கொக்கி மட்டும் இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், அந்த எடத்தில ஒண்டுமே இல்ல. எண்ணெ போட்டும் பாக்கல்ல, சுண்ணாம்பு போட்டும் பாக்கல்ல. சும்மா தட்டிட்டு, சும்மா பலகையில தட்டிட்டேன் போல ஈக்கு."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, "நாப்பதடிக்குக் கீழ ஒரு மனுசன் அதை நம்பி நிக்கிறான்டா" என்றாள்.

கறுப்பையா திகனயில் ஹலீம் முதலாளியின் வீட்டு வளவில் வேலை செய்கிறான் என்று விசாரித்து, அன்றே கண்டிக்குப் போய் பஸ் மாறிப் போனேன். அல்ஹம்துலில்லாஹ், ஆள் உயிரோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி புஷ்பம். அவள்தான் கயிற்றடியில் நின்று கூடை பிடிக்கிறவள்.

"என்னாங்க நானா, இம்புட்டு தூரம்?" தோட்டத்து ஆட்கள் எங்கள் ஆண்களை, அண்ணன் என்கிற கணக்கில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்தக் கொக்கியக் கழட்டித் தா. வேற ஒண்டு தாரேன்."

"ஏங்க, இதுக்கு என்னா கேடு?"

"தெரியாது."

"தெரியாதா?" சிரித்தான். "ஒங்க அக்கா பாத்து ஒரு தட்டு தட்டுனாங்களே. நீங்களுந்தான் கேட்டீங்க, நானுந்தான் கேட்டேன். அவங்களே சரின்னுட்டாங்க, நீங்க யாரு இல்லன்னு சொல்ல? வேற யாராச்சும் கூடுதலா வெல கேட்டாங்களா?"

ராத்தா சரி என்ற சாமானை ராத்தாவின் தம்பி சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்? இத்தனை வருஷமாக அவள் சேர்த்த நம்பிக்கையே குறுக்கே நின்றது. எண்ணெய் போட்டுச் சுண்ணாம்பு பூசிப் பார்ப்போம் என்றேன். முதலாளியின் மகளுக்குக் கல்யாணம், அதற்குள் தண்ணீர் காணவேண்டும், விளையாட நேரமில்லை என்றான். எழுந்து போய் ஒரு கல்லை எடுத்துக் கொக்கியில் ஓங்கித் தட்டினான். டிங் என்றது.

"கேட்டீங்களா நானா? கோயில் மணி தோத்துச்சு போங்க."

எனக்குக் கோபம் வந்தது. "செத்துத் தொலை!" என்று கத்திவிட்டு வந்து பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் நாலு முடக்குத் திரும்புவதற்குள் அந்தச் சொல் என்னையே தின்ன ஆரம்பித்தது. யா அல்லாஹ், என்ன வாய் இது! திரும்பி இறங்கி ஓடலாமா என்று பார்த்தேன். ஓடி என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் ராத்தா கேட்ட முதல் கேள்வி, "சத்தம் எவ்வளவு நேரம் நிண்டிச்சு?"

"டிங்ங்… இவ்வளவுதான்."

"திரும்பச் சொல்லு."

"டிங்ங்ங்."

"இப்ப நீளம் கூட ஈக்கே! நீ அதச் சொல்லுறியா, பாட்டுப் படிக்கிறியா?" என்று சீறினாள். வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். அவள் எழுந்து அலுமாரியைத் திறந்து வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்தாள். "அவன் ஒன்ன நம்ப மாட்டான். நான் தட்டினத நான்தான் இல்லெண்டு சொல்லணும். விடியச் சுபஹு தொழுதிட்டுப் போவம். கூண்டு வண்டி ஒண்டு பேசு."

மாமி கேட்டுக்கொண்டே வந்தாள். "இத்தாவில ஈக்கிற பொம்புள படி தாண்டுறதா? ஊர் காறித் துப்பும். அன்டைக்கும் ஒனக்கு இரும்புதான் பெரிசு, இன்டைக்கும் இரும்புதான்!"

"மாமி, ஒரு உயிர் போற காரியம். படச்சவனுக்குத் தெரியும்" என்றாள் ராத்தா. மாமி அன்று எங்கள் இருவருக்கும் தேத்தண்ணீர்கூட ஊற்றவில்லை.

காலையில் அழகரின் வண்டி வந்தது. அழகர் நல்ல மனிதன், ஆனால் அவன் மாடுகளைச் சபிக்காமல் அந்தப் பத்து மைல் எனக்குப் போகவில்லை. முன்னும் பின்னும் சீலை கட்டி, உள்ளே ராத்தா, அவள் மடியில் சுத்தியலும் அரமும். நான் வண்டியோடு நடந்தும் ஏறியும் வந்தேன். மடவளைப் பக்கம் ஏற்றத்தில் மாடு நின்று மூச்சு வாங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கறுப்பையா இந்நேரம் கயிற்றில் கால் வைத்திருப்பான்.

எதிரே கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். நடுவில் ஒரு பாடை. சீலைக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது. "யாரு? நஸீம், யாரு அது?"

ஓடிப்போய்க் கேட்டேன். காய்ச்சலில் போன ஒரு கிழவர். பாவம், அவருக்காக வருத்தப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் இல்லை, அவன் இல்லை என்று மனம் துள்ளியது. திரும்பி வந்து சொன்னேன். பிறகு ராத்தா மெதுவாகக் கூப்பிட்டாள்.

"நஸீம், நான் என்னெண்டு துஆ கேக்கிற?"

"கொக்கி நல்லதா ஈக்கணும் எண்டு கேளு. வேற என்ன?"

"கொக்கி நல்லதெண்டா, நான் அதச் சரியாக் காது கொடுத்துக் கேட்டுத்தான் பலகையில தட்டியிருக்கன். அப்ப மாமி சொல்லுறது சரி. அவர்ட கடைசி மூச்சில என்ட காது இரும்பிலதான் ஈந்திச்சு. அவர் என்னக் கூப்பிட்டாரோ என்னமோ, நான் கேக்கல்ல. கொக்கி கெட்டதெண்டு துஆ கேட்டா, ஒருத்தன்ட உயிரையா நான் கேக்கிற? அஸ்தக்ஃபிருல்லாஹ். எனக்குக் கையேந்தவும் ஏலாமக் கிடக்குடா."

இரண்டு மாதமாக அவள் இதைத்தான் சுமந்துகொண்டு திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அழகரைப் பார்த்து, "அந்த மாட்ட ஓட்டுறியா, இல்ல நான் அவிழ்த்துட்டு நானே இழுக்கவா?" என்று கத்தினேன். அவன் மாட்டின் வாலை முறுக்கினான்.

வளவுக்குள் வண்டி நுழையும்போதே கப்பியின் கிரீச் சத்தம் கேட்டது. கறுப்பையா கீழே இருந்தான். மேலே இரண்டு ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நுனியில் கருங்கல் நிறைந்த கூடை, கிணற்றின் பாதி உயரத்தில், நேராக அவன் தலைக்கு மேலே.

"இழுக்காதீங்க!"

அது என் குரல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். ராத்தா வண்டியில் இருந்து இறங்கிவிட்டாள். முகத்தில் துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஆண்கள் நடுவில் நின்றாள். அவ்வளவு பெரிய சத்தம் அவளிடம் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். "இழுக்கவும் வேணாம், உடவும் வேணாம். அப்படியே புடிங்க!"

இழுத்தவர்கள் மலைத்துப் போய் நின்றார்கள். கீழே இருந்து கறுப்பையா கத்தினான். "ஏய், என்னா அங்க? தூக்குங்கடா!"

புஷ்பம் ராத்தாவின் வெள்ளை உடையைப் பார்த்தாள். யார் என்று புரிந்துகொண்டாள். "நேத்து நானா சொன்னது நெசமாம்மா?" என்றாள்.

"தெரியாது மகள். தெரியாமத்தான் வந்திருக்கன். ஓரத்தில ஒதுங்கி நிக்கச் சொல்லு அவர."

நாற்பதடிக் குழிக்குள் எங்கே ஓரம்? "சொவத்தோட ஒட்டிக்க!" என்று புஷ்பம் குனிந்து அலறினாள். ராத்தா என்னைப் பார்த்தாள். செய்யவேண்டியதைச் சொன்னாள். அங்கே கிடந்த தடித்த கயிற்றை எடுத்து, கப்பியை நேராக மேல் மரத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். கொக்கி விட்டாலும் கயிறு பிடிக்கும். கட்டுவது யார்? இழுக்கிறவர்கள் கையை எடுக்க ஏலாது. அழகருக்கு வயது போய்விட்டது. துணி விற்கிற நான்தான்.

மரத்தின்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தேன். கீழே பார்க்காதே என்று எல்லோரும் சொன்னார்கள், ஆகையால் பார்த்தேன். இருட்டில் அண்ணாந்த ஒரு முகம். செத்துத் தொலை என்று நான் சொன்ன முகம். கை வியர்த்து வழுக்கியது. கொக்கி என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், கறுகறுவென்று, ஒரு குறையும் இல்லாமல் தொங்கியது. ஏழு சுற்றுச் சுற்றினேன். எட்டாவது சுற்றில் கலிமா சொன்னேன். முடிச்சை இறுக்கிவிட்டு எப்படிப் பின்னால் வந்தேன் என்று இப்போதும் தெரியாது.

கூடை மேலே வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வேறொரு கயிற்றை மரத்தின்மேல் போட்டு, கூடியிருந்த எல்லோரும் சேர்ந்து கறுப்பையாவை இழுத்தார்கள். அவன் சேறும் கோபமுமாக ஏறி வந்தான். "நல்லா இருந்த கொக்கிய வச்சுக்கிட்டு என்னாங்க கூத்து இது?" என்றான். சுற்றி நின்றவர்களும் அதே முகத்தோடுதான் என்னைப் பார்த்தார்கள். ஹலீம் முதலாளியும் கதிரையில் இருந்து எழுந்து வந்துவிட்டார்.

கொக்கியை அவிழ்த்து ஒரு மாமரக் கிளையில் தொங்கவிட்டோம். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். டிங். மறுபடியும் தட்டினாள்.

"என்ன?" என்றேன்.

"இன்டைக்கு என்ட காத நம்ப எனக்கு ஏலா. மண்ணெண்ணெ கொண்டு வா."

விளக்கில் இருந்து எண்ணெய் எடுத்துக் கழுவினாள். ஊறவிட்டாள். துப்பட்டி முனையால் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். புஷ்பம் தன் வெற்றிலைப் பையில் இருந்து சுண்ணாம்பைக் கொடுத்தாள். வெள்ளை பூசி வெயிலில் வைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். சுண்ணாம்பு காய்ந்தது. வெள்ளையாகவே இருந்தது. ராத்தாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது, என்ன கேட்கிறாள் என்று நான் பார்க்கத் துணியவில்லை. ஹலீம் முதலாளி சலித்துப்போய்த் திரும்பினார்.

"இந்தா" என்றாள் புஷ்பம்.

கொக்கியின் கழுத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எறும்பு ஊர்கிற வேகத்தில் அவை ஒன்றை ஒன்று தொட்டன. மயிர் போன்ற ஒரு கோடு கழுத்தைச் சுற்றிக்கொண்டு போனது, மறுபக்கம் வந்து, கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே சேர்ந்தது. ராத்தா அரத்தை எடுத்து இழுத்தாள். மஞ்சள். எவனோ பித்தளை ஊற்றி ஒட்டிக் கறுப்படித்து ஏலத்தில் தள்ளியிருக்கிறான்.

கறுப்பையா கொக்கியைக் கல்லின்மேல் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. கழுத்து இரண்டாக முறிந்தது. உள்ளே எல்லாம் துருவும் மஞ்சளும். வெள்ளையாகப் பளபளத்த உயிருள்ள இரும்பு ஒரு சுண்டுவிரல் நக அளவு. இத்தனை நாளும் அவனையும் அவன் கல் கூடைகளையும் தாங்கியது அந்த நகம்தான். அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். புஷ்பம் அவன் முதுகில் படார் படாரென்று அடித்தாள். "நேத்தே வந்து சொன்னாரேய்யா! நேத்தே சொன்னாரே!" என்று அடித்துக்கொண்டே அழுதாள்.

கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "உள்ள பாத்த சாமானே இப்பிடின்னா, இனி அந்தக் கடையில எதத்தான் நம்புறது?"

நான் பாய்ந்திருப்பேன். ராத்தா என் கையைப் பிடித்தாள். "அது நான் பாக்காத சாமான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "பாக்காம நல்லதெண்டு தட்டினது என்ட கை. பிழை என்டதுதான்." கறுப்பையா எழுந்து வந்து, அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. முறிந்த இரண்டு துண்டையும் துப்பட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

வழி முழுக்க அழுதாள். கடையின் பெயர் போயிற்றே என்று அழுகிறாள் என நினைத்து, நாலு பேர் வராவிட்டால் என்ன, நான் மூட்டை தூக்கிச் சோறு போடுவேன் என்று என்னென்னவோ சொன்னேன். "சும்மா வா நஸீம்" என்றாள். அந்தக் குரலில் துக்கம் இல்லை. எனக்கு அப்போது விளங்கவில்லை, அவ்வளவு மடையன் நான்.

வீட்டு வாசலில் மாமி ஒரு பாட்டம் திட்டுவதற்குத் தயாராக நின்றாள். ராத்தா நேராகப் போய் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, துப்பட்டியை விரித்து, முறிந்த துண்டுகளை மாமியின் மடியில் வைத்தாள்.

"மாமி, இது பொய்ச் சாமான். ஒரு தட்டில எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் தட்டின, ஆனா கேக்கல்ல. அவர்ட மூச்சத்தான் கேட்டுக்கிட்டு ஈந்தேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில காத்துக்கிட்டு ஈந்தேன்."

மாமி அந்த முறிவின் துருப்பிடித்த வாயை விரலால் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"அப்ப என்ட மகன் தனியாப் போகல்ல?"

"இல்ல மாமி. நான் ஈந்தேன்."